ஏழு குட்டி, ஒரு தொங்கு தராசு: கன்னி ஆட்டுக் குட்டிகளை 90 நாள் எடை போட்ட கதை

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, முழுக்கக் கரிசல் காடு. வீட்டில் எப்போதும் நாலைந்து கன்னி ஆடு நிற்கும். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. இந்தப் பக்கத்து வெயிலுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கிற இனம், இரட்டைக் குட்டி போடுவது சர்வ சாதாரணம். ஆனால் போட்ட இரண்டில் ஒன்று சவலையாகப் போவதும் எங்கள் வீட்டில் சாதாரணமாகவே இருந்தது. “அது பெலமில்லாத குட்டி” என்று அம்மா சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். போன புரட்டாசியில் நாலு ஆடும் ஒன்பது நாளுக்குள் அடுத்தடுத்து ஈன்றன. மூன்றுக்கு இரட்டை, ஒன்றுக்கு ஒற்றைக் கிடாய், ஆக ஏழு குட்டி. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பிறந்த அன்றே எடை போட்டு, வாராவாரம் ஒரு நோட்டில் எழுதுவது என்று முடிவெடுத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தராசு. டவுனில் 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று வாங்கினேன். வந்தவுடன் அதைச் சோதித்தது நல்லதாகப் போயிற்று. 5 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 5 கிலோ. காலிக் கேனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 150 கிராம். ஆக 5.15 காட்ட வேண்டும். காலையில் நிழலில் சரியாகக் காட்டியது. அதையே மத்தியானம் வரை வெயிலில் தொங்கவிட்டுப் பார்த்தால் 5.4. கால் கிலோ வித்தியாசம்! வாரத்துக்கு 400, 500 கிராம் ஏறுகிற உருப்படியை அளக்கும்போது கால் கிலோ பிழை என்றால் பாதி வளர்ச்சி காணாமல் போய்விடும். அதன்பிறகு தராசு வீட்டுக்குள் அலமாரியில்தான் இருக்கும். ஞாயிறு காலை ஆறரைக்கு வேப்பமரக் கிளையில் மாட்டி, தண்ணீர் கேனை ஒருமுறை தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் குட்டியைத் தூக்குவேன்.

ஆறரை மணி என்பதற்கும் காரணம் உண்டு. முதல் இரண்டு வாரம் கிடைத்த நேரத்தில் எடை போட்டேன், கணக்கு தாறுமாறாக வந்தது. தாயிடம் வயிறு நிறையக் குடித்த குட்டிக்கும் ராத்திரி முழுக்கக் குடிக்காத குட்டிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். குழை (இலைதழை) தின்னத் தொடங்கிவிட்டால் இன்னும் அதிகம். ஆகவே ராத்திரி தாயிடமிருந்து பிரித்துக் கூடையில் போட்டு, காலையில் விடும் முன்னால் எடை. எப்போது போட்டாலும் அதே நேரம், அதே நிலை.

குட்டியைத் தொங்கவிடத் தூளி நானே தைத்தேன். சிமெண்டு சாக்கைக் கிழித்து இரண்டு மடிப்பாக மடித்து, நாலு கால் நுழைகிற மாதிரி நாலு ஓட்டை. நாலு மூலையிலும் கயிறு. ஓட்டையில் கால்களை விட்டுத் தூக்கினால் குட்டி நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா கிடக்கும், துள்ளாது. தூளியின் எடை 180 கிராம், அதைக் கழித்துக்கொள்வேன். அடையாளத்துக்குக் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பருத்தி நூல். எங்காவது மாட்டிக்கொண்டால் அறுந்துவிட வேண்டும், அதனால் நைலான் கூடாது. இந்த நூலே ஒரு அளவுகோலாகவும் ஆனது. இரண்டு விரல் நுழைகிற மாதிரி கட்டினால், நன்றாக வளர்கிற குட்டிக்குப் பத்து நாளில் ஒரு விரல்தான் நுழையும்.

சிவப்பு நூல் ஒற்றைக் கிடாய், பிறந்தபோது 2.6 கிலோ. மஞ்சள், பச்சை ஒரு தாய்க்கு. வெள்ளை, ஆரஞ்சு இன்னொன்றுக்கு. இந்த நாலும் 1.9 முதல் 2.2 வரை. நீலமும் ரோஸும் கடைசித் தாய்க்கு. நீலம் கிடாய், 2.1. ரோஸ் பெட்டை, 1.6 கிலோ.

ரோஸ் குட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விழுந்தது. நீலம் இருபது நிமிஷத்தில் எழுந்து மடியைப் பிடித்துவிட்டது. இது எழுந்து எழுந்து விழுந்தது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. குட்டியின் வாய்க்குள் சூடு இல்லை என்றால் அது சீம்பாலை இழுக்காது. முதலில் சூடேற்ற வேண்டும். சாக்கால் தேய்த்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அரைமணி நேரம் ஆனபிறகு வாய் கதகதப்பாக ஆனது. அப்புறம்தான் தாயிடமிருந்து பீய்ச்சி 40 மில்லி பாட்டிலில் கொடுத்தேன். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலாவது முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். 1.6 கிலோவுக்கு 160 மில்லி. விடிவதற்குள் நாலு தடவையாக அதைக் கொடுத்து முடித்தேன்.

இதில் இவ்வளவு அவசரப்படக் காரணம் இருக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் புரதம் கர்ப்பத்திலேயே நஞ்சுக்கொடி வழியாகப் போய்விடும். ஆடு மாட்டுக்கு அப்படிப் போவதில்லை. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தப் புரதம் எல்லாம் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் அதை அப்படியே முழுசாக உறிஞ்சுவது பிறந்த முதல் ஒரு நாள்தான், அதிலும் மணிக்கு மணி அந்தத் திறன் குறைந்துகொண்டே வரும். மறுநாள் சாயங்காலம் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் சத்துள்ள பால்தான். “நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குடிக்க விடணும்” என்று எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதற்காகக் காத்திருக்காதீர்கள். நான் சின்ன வயதில் இழந்த குட்டிகளில் எத்தனை இதனால் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஏழு குட்டிக்கும் தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் முக்கினேன். அது ஒரு நிமிஷ வேலை.

ரோஸின் தாய்க்குப் பால் குறைவு. சிவப்பின் தாய்க்கு ஒரே குட்டி என்பதால் பால் மிச்சம் இருந்தது. அதைப் பீய்ச்சி ரோஸுக்கு நாளுக்கு நாலு வேளை பாட்டிலில் கொடுத்தோம். ராத்திரி அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்தோம். இந்தப் பெட்டி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாவது வாரம் குட்டித் தடுப்பு கட்டினேன். தாய் ஆடு நுழைய முடியாமல் குட்டி மட்டும் உள்ளே போய்த் தீனி தின்கிற அடைப்பு. தொழுவத்தின் ஒரு மூலையில் சவுக்குக் கம்புகளைச் செங்குத்தாக நட்டேன். முதலில் கம்புக்குக் கம்பு 20 சென்டிமீட்டர் விட்டிருந்தேன். மறுநாள் காலை பார்த்தால் தலையீத்து ஆடு ஒன்று உள்ளே நின்று குட்டிகளின் தீவனத்தைச் சுத்தமாக நக்கிவிட்டிருந்தது. 15 ஆகக் குறைத்தபிறகு பிரச்சினை இல்லை. தீனித் தொட்டிக்கு நாலு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து, இரண்டு முனையிலும் மூடி போட்டு ஒட்டினேன்.

தீவனம் வீட்டிலேயே அரைத்தது. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, நிலக்கடலைப் பிண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 17, உளுந்துப் பொட்டு 15, தாது உப்பு 2, சமையல் உப்பு 1. நாங்கள் 20 கிலோதான் அரைத்தோம், விகிதம் அதுதான். இதோடு வேலிமசால், அகத்திக் குழையைக் கொத்தாகக் கட்டிக் குட்டியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம். தரையில் போட்டால் ஒருமுறை மிதித்ததை வெள்ளாடு திரும்பிப் பார்க்காது.

பால் குடிக்கிற குட்டிக்கு எதற்குத் தானியம் என்று மதினி கேட்டார். நல்ல கேள்வி. குட்டி பிறக்கும்போது நாலு இரைப்பை அறைகளில் நாலாவது மட்டும்தான் பெரிசு, வேலை செய்வதும் அதுதான். குடிக்கிற பால் முதல் மூன்றையும் தொடாமல் ஒரு பள்ளம் வழியாக நேரே அங்கே போய்விடும். அசைபோடுகிற பெருவயிறு அப்போது சுருங்கிய பை மாதிரிக் கிடக்கும். பால் மட்டும் கொடுத்தால் அது அப்படியேதான் கிடக்கும். தானியமும் குழையும் உள்ளே போய்ப் புளித்தால்தான் அதில் உண்டாகும் அமிலங்கள் பெருவயிற்றின் உட்சுவரைத் தூண்டி, சத்தை உறிஞ்சுகிற மொட்டுகளை வளரச் செய்யும். இரண்டாவது மாதம் முடிவதற்குள் இது நடந்துவிட்டால், பாலை நிறுத்தும்போது குட்டி தளராது. ரோஸ் முதன்முதலாக அசைபோட்டது 17ஆம் நாள். பெட்டிக்குள் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தாடையை ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு சின்ன உருண்டை கீழிருந்து மேலே ஏறுவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இந்தக் குட்டி பிழைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

நாலு வாரம் முடிந்தபோது நோட்டு நன்றாக இருந்தது. சிவப்பு 5.2 கிலோ, நாளுக்குச் சுமார் 93 கிராம். மஞ்சளும் பச்சையும் நாளுக்கு 75 கிராம் வாக்கில். ரோஸ் 3.1 கிலோ, நாளுக்கு 54 கிராம்.

ஐப்பசி மழை வந்தது. அதோடு விஷயமும் மாறியது.

ஐந்தாவது வாரம் சிவப்பு 5.7. பரவாயில்லை. ஆறாவது வாரம் 5.75. ஒரு வாரத்துக்கு 50 கிராம்! தராசுப் பிழை என்று நினைத்துத் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன், 5.15 சரியாகக் காட்டியது. மஞ்சளும் பச்சையும் அதே மாதிரி நின்றுபோயிருந்தன. அம்மாவிடம் சொன்னேன். “வயிறு கிண்ணுனு இருக்கே, ஓடிச் சாடிக்கிட்டுத்தானே திரியுது. நீ என்னத்தப் பாக்க?” என்றார். கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. கழிச்சல் கிடையாது, பிழுக்கை கொஞ்சம் ஒட்டினாற்போல் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் முதுகில் கை வைத்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. விலா எலும்பு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில், தண்டெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தினால் நல்ல குட்டிக்குச் சதை மெத்தென்று தாங்கும். சிவப்புக்கு எலும்பின் முனைகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டின. உப்பிய வயிற்றுக்கு மேலே முதுகு காய்ந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு வயிறுதான் தெரியும், முதுகு தெரியாது.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடை நின்றது சிவப்பு, மஞ்சள், பச்சை. வெள்ளை, ஆரஞ்சு, நீலம் கொஞ்சம் குறைந்திருந்தன, நிற்கவில்லை. ரோஸ் மட்டும் எதுவும் நடக்காதது போல வாரம் 400 கிராம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் சின்னக் குட்டி, தாய்ப்பால் சரியாகக் கிடைக்காத குட்டி. அதற்கு மட்டும் என்ன வித்தியாசம்? தீவனம் ஒன்றுதான். குழை ஒன்றுதான். படுக்கிற இடம்தான் வேறு. ரோஸ் அடுப்படிப் பெட்டியில், மற்றவை தடுப்புக்குள். போய்த் தடுப்புக்குள் மண்டியிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு கீறல், அதிலிருந்து கசிந்து மூலை முழுக்க ஈரம். மழைச்சாரலும் அந்தப் பக்கம்தான் அடித்திருக்கிறது. அந்த மூலையில்தான் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கும்.

மறுநாள் ஏழு குட்டியின் பிழுக்கையையும் தனித்தனி பாலிதீன் உறையில் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் உப்புக் கரைசலில் கரைத்து, மேலே மிதந்ததைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பின் சில்லில் கண்ணாடிமணி மாதிரி முட்டை வடிவத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், ஒரு பார்வைக்குள் எண்ண முடியாத அளவு. ரோஸின் சில்லில் தேடிப் பிடித்தால் இரண்டு மூன்று. ரத்தக்கழிச்சல் கிருமி, காக்சிடியா. எல்லா ஆட்டுக் குடலிலும் இது கொஞ்சம் இருக்கும், பெரிய ஆட்டை ஒன்றும் செய்யாது என்றார். குட்டிக்கு, அதுவும் ஈரத் தரையில் படுக்கிற குட்டிக்கு, நிலைமை வேறு. பிழுக்கையில் வெளியே வரும் முட்டை உடனே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் சில நாளில் பக்குவமாகி, குட்டி நக்கும்போது உள்ளே போய், குடல் சுவரின் செல்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும். ரத்தமாகக் கழிவதற்கு முன்னாலேயே, சத்தை உறிஞ்சுகிற இடம் தேய்ந்துபோய் வளர்ச்சி நின்றுவிடும். “ரத்தம் வந்தபிறகுதான் எல்லாரும் கொண்டுவருவாங்க, நீங்க எப்படி இப்பவே வந்தீங்க?” என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். ஏழு குட்டிக்கும் அவரவர் எடைக்கு ஏற்றபடி சல்ஃபா மருந்து எழுதிக் கொடுத்தார், ஐந்து நாள். மருந்து அளவு எடையை வைத்துத்தான் என்பதால் அங்கேயும் நோட்டு கைகொடுத்தது. குட்டிக்கு நீங்களாக ஒரு மூடி, அரை மூடி என்று ஊற்றாதீர்கள், டாக்டரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து பாதி வேலைதான். தரையை மாற்றாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும். அந்த வாரமே பரண் போட்டேன், குட்டிகள் தரையில் படாமல் படுக்க உயரமான சட்டத் தளம். பனஞ்சட்டங்களை அறுத்து இழைத்து, ஆறடிக்கு நாலடி. ஏழு குட்டிக்கு ஆளுக்கு மூன்று சதுர அடிக்கு மேல் வரும். சட்டத்துக்குச் சட்டம் அரை அங்குல இடைவெளி. பெரிய ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் விடலாம், ஆனால் குட்டியின் குளம்பு சின்னது, இடுக்கில் மாட்டினால் கால் முறியும். அரை அங்குலத்தில் குட்டியின் பிழுக்கை கீழே விழுந்துவிடுகிறது. ஆணித் தலைகளைச் சட்டத்துக்குள் இறங்க அடித்தேன். உயரம் இரண்டடி, கீழே விளக்குமாறு நுழைந்து தினமும் கூட்ட வேண்டும். ஏறுவதற்குக் குறுக்குப் பட்டை அடித்த ஒரு சாய்பலகை. தீனித் தொட்டியைத் தடுப்புக்கு வெளிப்பக்கம் மாற்றி, தலையை மட்டும் நீட்டித் தின்கிற மாதிரி கட்டினேன். முன்பு உள்ளே இருந்தபோது குட்டிகள் தொட்டிக்குள் ஏறி நின்று அதிலேயே பிழுக்கை போட்டுக்கொண்டிருந்தன. தொற்று பரவ அது ஒன்றே போதும். தண்ணீர்த் தொட்டியும் வெளியே போயிற்று. ஆனால் தண்ணீர் குறையவே கூடாது. தவிடும் தானியமும் தின்கிற கிடாய்க்குட்டிக்குத் தண்ணீர் போதாவிட்டால் மூத்திரப் பாதையில் கல் அடைக்கும்.

ஏழாவது வாரம் சிவப்பு 5.9. எட்டாவது வாரம் 6.4. திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. மஞ்சளும் பச்சையும் ஒரு வாரம் தாமதித்து ஏறின.

இடையில், தராசு இல்லாதவர்களுக்குச் சொல்லலாமே என்று தையல் டேப்பிலும் அளந்து பார்த்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை உடல் நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். நீலத்துக்கு எட்டாவது வாரம் சுற்றளவு 17, நீளம் 16. கணக்கில் 7.0, தராசில் 6.7. குட்டி நேராக நின்று, டேப்பை இறுக்காமல் பிடித்தால் இந்த அளவுக்கு வரும். வாராவாரம் வளர்ச்சியைப் பிடிக்க இது பத்தாது. மருந்து அளவுக்கும் சந்தைக்கும் போதும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் வியாபாரி இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொல்வார். அவர் கை தராசுக்குச் சமம், ஐம்பது வருஷப் பழக்கம். நமக்கு அந்தக் கை இல்லாதபோது டேப்பாவது இருந்தால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

90ஆம் நாள் கணக்கு: நீலம் 9.4. சிவப்பு 8.9. வெள்ளை, ஆரஞ்சு 8.6, 8.3. மஞ்சள் 7.7, பச்சை 7.5. ரோஸ் 7.8. பிறக்கும்போது எல்லாவற்றையும் விடக் கனமாக இருந்த ஒற்றைக் கிடாயை நீலம் தாண்டிவிட்டது. தின்ன வேண்டிய வயதில் இரண்டு வாரம் குடல் புண்ணோடு இருந்ததுதான் காரணம். தீனி குறைந்து இளைத்த குட்டி நல்ல தீனி கண்டால் வேகமாகப் பிடித்துவிடும், நானே பார்த்திருக்கிறேன். குடல் சுவர் கெட்டு இளைத்தது அவ்வளவு சுலபமாகப் பிடிப்பதில்லை.

90 நாள் முடிந்து பாலை மறக்கடித்தோம். ஒரேயடியாக இல்லை, பத்து நாளில் இரண்டு வேளை, ஒரு வேளை என்று குறைத்து. அந்த வாரமே ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்று இருந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துக் குட்டியை அலைக்கழிக்க வேண்டாம், நாலு மாதம் ஆகட்டும் என்று டாக்டர் சொன்னார், அப்படியே செய்தோம். பால் மறந்த வாரம் ஏழுமே 100, 150 கிராம்தான் ஏறின. அதற்கடுத்த வாரம் பழைய வேகத்துக்கு வந்தன. தானியம் பழகிய வயிறு என்பதால் ஒன்றுகூட இறங்கவில்லை.

கிடாய்கள் மூன்றையும் அடுத்த ஆடி வரை வைத்திருப்பதாக இருக்கிறோம். பெட்டைகளை 18 கிலோவுக்கு முன்னால் கிடாயோடு சேர்ப்பதில்லை. சின்ன உடம்பில் சினை பிடித்தால் தாயும் வளராது, குட்டியும் ஒன்றரைக் கிலோவில்தான் விழும். ரோஸ் இப்போது பரணில் மற்றவற்றோடுதான் படுக்கிறது. தூளியின் ஓட்டைகள் எல்லாருக்குமே இறுக்கமாகிவிட்டன, போன ஞாயிறு நீலத்தின் பின்னங்கால் உள்ளே நுழையவில்லை. அம்மா வேறொரு சாக்கை எடுத்துப் பெரிய தூளி தைத்துவைத்திருக்கிறார். அதன் எடை 310 கிராம், நோட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதிவைத்துவிட்டார்.